படம் வரைந்து படம் எடுத்த சத்யஜித் ரே

பட முதலாளிகள் திருப்பிக் கொடுத்த சித்திரப் புத்தகம் உலகப் புகழ் பெற்றது!

1951, 1952-ம் ஆண்டுகளில் கல்கத்தா நகரில் ஓர் இளைஞர் பட முதலாளிகளின் வீடு வீடாக ஏறி இறங்கினார். ஆறடிக்கு மேல் உயரம். கம்பீரமான குரல். கையில் ஒரு புத்தகம்.

அது கதை வசனப் புத்தகம் அல்ல. பக்கத்துக்குப் பக்கம் கறுப்பு மையால் தீட்டிய சித்திரங்கள். பக்கத்தில் சில குறிப்புகள். ஒரு வங்காளக் கிராமம், ஓர் ஏழைக் குடும்பம், ஓர் அக்காள், ஒரு தம்பி. இவர்களுடைய வாழ்க்கைதான் அந்தச் சித்திரங்களில் இருந்தது.

பட முதலாளிகள் புத்தகத்தைப் புரட்டினார்கள். கதை வசனம் எங்கே என்று கேட்டார்கள். பாட்டு எத்தனை, நடனம் எத்தனை என்று கேட்டார்கள். பாட்டும் இல்லை, நடனமும் இல்லை என்று தெரிந்ததும் புத்தகத்தை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த இளைஞர்தான் சத்யஜித் ரே. அந்தப் புத்தகத்திலிருந்து பிறந்த படம்தான் "பதேர் பாஞ்சாலி". பாதையின் பாட்டு என்பது அதன் பொருள்.

தாத்தாவின் அச்சுக்கூடம்

சத்யஜித் ரே 1921-ம் ஆண்டு மே மாதம் 2-ந் தேதி கல்கத்தாவில் பிறந்தார்.

எழுத்தும் சித்திரமும் அவருடைய பரம்பரைச் சொத்து. தாத்தா உபேந்திரகிஷோர் ராய் சவுத்ரி சிறந்த எழுத்தாளர், சித்திரக்காரர். சொந்தத்தில் அச்சுக்கூடம் நடத்தினார். படங்களை அழகாக அச்சிடும் வித்தையில் பெயர் பெற்றவர். 1913-ல் "சந்தேஷ்" என்ற குழந்தைகள் பத்திரிகையைத் தொடங்கினார்.

தந்தை சுகுமார் ரே குழந்தைகளுக்காக வேடிக்கைப் பாட்டுகள் எழுதியவர். அந்தப் பாட்டுகளுக்குப் படங்களையும் அவரே வரைந்தார். வங்காளத்தில் அவர் பாட்டைப் படிக்காத பிள்ளைகள் குறைவு.

ஆனால் அந்தத் தந்தையின் முகம் மகனுக்குச் சரியாக நினைவில்லை. சுகுமாருக்குக் காலா அசார் என்னும் கொடிய காய்ச்சல் கண்டது. 1923-ல் அவர் காலமானார். அப்போது சத்யஜித்துக்கு வயது இரண்டரைகூட நிறையவில்லை.

தாயின் தையல் ஊசி

சில ஆண்டுகளில் அச்சுக்கூடமும் கடனில் மூழ்கிக் கைமாறிப் போயிற்று. வீட்டை விட்டு வெளியேற வேண்டிய நிலை. தாயார் சுப்ரபா தேவி குழந்தையை அழைத்துக்கொண்டு தம் சகோதரர் வீட்டில் வந்து தங்கினார்.

பிறர் கையை எதிர்பார்த்து இருக்க அந்த அம்மையாருக்கு விருப்பம் இல்லை. விதவைப் பெண்களுக்குக் கல்வி தரும் ஒரு நிலையத்தில் தையல் சொல்லிக் கொடுக்கும் வேலையில் சேர்ந்தார். ஊசியும் நூலுமாக உழைத்து ஒரே மகனைப் படிக்க வைத்தார்.

சத்யஜித் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பொருளாதாரம் படித்துப் பட்டம் பெற்றார். படிப்பில் அவ்வளவு நாட்டம் இல்லை. மனம் முழுவதும் சினிமாவிலும் மேல்நாட்டுச் சங்கீதத்திலும் இருந்தது.

சாந்திநிகேதனத்தில்

பட்டம் பெற்றதும் உத்தியோகம் தேட நினைத்தார். தாயார் அதற்குச் சம்மதிக்கவில்லை. கவி ரவீந்திரநாத தாகூரின் சாந்திநிகேதனத்தில் மகன் சித்திரம் பயில வேண்டும் என்று விரும்பினார். தாயின் விருப்பத்தைத் தட்ட முடியாமல் 1940-ல் மகன் அங்கே போய்ச் சேர்ந்தார்.

அரைமனதாகப் போனவருக்கு அங்கே கண் திறந்தது. நந்தலால் போஸ், வினோத் பிகாரி முகர்ஜி ஆகிய பெரிய ஓவியர்கள் அவருக்கு ஆசிரியர்களாக அமைந்தார்கள். ஒரு மரத்தை வரையுமுன் அந்த மரம் எப்படி நிற்கிறது, எப்படி வளர்ந்தது என்பதைப் பார்க்கக் கற்றார். அஜந்தா, எல்லோரா முதலிய இடங்களுக்குப் போய்ப் பழைய சிற்பங்களையும் சுவர் ஓவியங்களையும் கண்டார்.

பட்டணத்தில் பிறந்து வளர்ந்த அவருக்கு வயலும் குளமும் குடிசையும் பழக்கமானது அங்கேதான். பின்னால் அவர் எடுத்த கிராமத்துப் படத்துக்கு அது அஸ்திவாரமாயிற்று.

ஆனாலும் தாம் ஓவியராகப் போவதில்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. 1942 டிசம்பரில் படிப்பை முடிக்காமலே கல்கத்தா திரும்பினார்.

மாதம் 80 ரூபாய்

1943-ல் டி.ஜே. கீமர் என்ற வெள்ளைக்கார விளம்பரக் கம்பெனியில் வேலை கிடைத்தது. விளம்பரங்களுக்குப் படம் போடும் வேலை. மாதச் சம்பளம் 80 ரூபாய்.

அந்த வேலை அவருக்கு ஒரு பாடத்தைக் கற்பித்தது. விளம்பரத்தைப் பார்க்கிறவர் அதன் முன் நெடுநேரம் நிற்க மாட்டார். கண் பட்ட மாத்திரத்தில் விஷயம் புரிய வேண்டும். எதைப் பெரிதாகப் போடுவது, எதைச் சிறிதாகப் போடுவது, எதை விட்டுவிடுவது என்று தீர்மானிக்க வேண்டும். சினிமாக் காட்சிக்கும் இதே கணக்குத்தான்.

வேலை நேரம் போகச் சிக்னெட் பிரஸ் என்ற பதிப்பகத்துக்குப் புத்தக அட்டைகள் வரைந்தார். ஒரு நாள் அந்தப் பதிப்பகத்தார் ஒரு கதைப் புத்தகத்தைக் கொடுத்துப் படம் போடச் சொன்னார்கள். விபூதிபூஷண் பந்தோபாத்தியாய எழுதிய "பதேர் பாஞ்சாலி" என்ற புகழ் பெற்ற நாவலைப் பிள்ளைகளுக்காகச் சுருக்கிய புத்தகம் அது.

ஹரிஹர் என்ற ஏழைப் புரோகிதர், அவர் மனைவி சர்வஜயா, மகள் துர்கா, மகன் அப்பு, வீட்டில் ஒண்டியிருக்கும் கிழவி இந்திர் தாக்ருண். இவர்கள்தான் கதையில் வருகிறவர்கள். படம் போட உட்கார்ந்த சத்யஜித்தை இந்தக் குடும்பம் பிடித்துக்கொண்டது. இது நல்ல சினிமாவாகும் என்ற எண்ணம் அவர் மனத்தில் விழுந்தது.

தாமே மாணவர், தாமே ஆசிரியர்

அந்நாளில் சினிமாக் கலையைச் சொல்லித்தரப் பள்ளிக்கூடம் எதுவும் கல்கத்தாவில் இல்லை. சத்யஜித் தமக்குத் தாமே ஒரு பயிற்சி வகுத்துக்கொண்டார்.

ஏதாவது ஒரு கதை படமாகப் போகிறது என்று செய்தி வந்தால் போதும். உடனே அந்தக் கதையைப் படித்து, அதைத் தாம் எடுத்தால் எப்படி எடுக்கலாம் என்று காட்சி காட்சியாக எழுதுவார். பிறகு படம் வெளிவந்ததும் போய்ப் பார்ப்பார். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். எங்கே தம்முடைய திட்டம் தேவலை, எங்கே அவர்களுடையது தேவலை என்று ஆராய்வார்.

1947-ல் நண்பர்களுடன் சேர்ந்து கல்கத்தா பிலிம் சங்கத்தைத் தொடங்கினார். அயல்நாட்டு நல்ல படங்களை வரவழைத்துப் பார்த்தார்கள், விவாதித்தார்கள். 1949-ல் விஜயா தேவியை மணந்துகொண்டார்.

அதே ஆண்டில் பிரெஞ்சு டைரக்டர் ழான் ரெனுவார் "நதி" என்ற படத்துக்கு இடம் பார்க்கக் கல்கத்தா வந்தார். சத்யஜித் அவருக்கு ஊர் சுற்றிக் காட்டினார். தம் மனத்தில் இருந்த கதையை அவரிடம் சொன்னார். ரெனுவார் ஊக்கம் கொடுத்தார்.

லண்டனில் 99 படங்கள்

1950-ல் விளம்பரக் கம்பெனி அவரை லண்டனுக்கு அனுப்பியது. அங்கே தங்கிய சில மாதங்களில் 99 படங்கள் பார்த்தார்.

அவற்றில் ஒன்று இத்தாலிய டைரக்டர் டி சிகாவின் "சைக்கிள் திருடர்கள்". நட்சத்திரங்கள் இல்லை. ஸ்டூடியோ ஜோடனை இல்லை. உண்மையான தெருவில், நடித்துப் பழக்கமில்லாத மனிதர்களைக் கொண்டு எடுத்த படம். அதைப் பார்த்ததும் சத்யஜித்தின் சந்தேகம் தீர்ந்தது. தம்முடைய கதையையும் இப்படியே எடுக்கலாம் என்று முடிவு செய்தார். திரும்பி வரும்போது கப்பலிலேயே குறிப்புகள் எழுதத் தொடங்கிவிட்டார்.

சித்திரத் திரைக்கதை

ஊர் வந்ததும் ஒரு வேலை செய்தார். கதையின் முக்கியக் கட்டங்களை வரிசையாகப் படம் வரைந்தார். அதுதான் பட முதலாளிகளிடம் கொண்டுபோன அந்தப் புத்தகம்.

படம் எடுக்குமுன் படம் வரைந்து பார்க்கும் வழக்கம் மேல்நாட்டில் முன்பே இருந்தது. அமெரிக்காவில் வால்ட் டிஸ்னியின் கார்ட்டூன் படக் கம்பெனியில், 1930-க்குப் பிந்திய ஆண்டுகளில், சித்திரங்களை வரைந்து ஒரு பலகையில் வரிசையாகக் குத்தி வைப்பார்கள். கதை ஓடுகிறதா, நொண்டுகிறதா என்று பார்ப்பார்கள். பிடிக்காத சித்திரத்தை எடுத்துவிட்டு வேறொன்றைக் குத்துவார்கள்.

இதனால் என்ன லாபம்? ஒரு சிறு உதாரணம் பார்க்கலாம்.

ஒரு சிறுமி கொய்யாப்பழம் பறிக்கிறாள் என்று காகிதத்தில் எழுதிவிடலாம். அதற்கு ஒரு வரி போதும். ஆனால் அதைப் படமாக வரைய உட்கார்ந்தால் பத்துக் கேள்விகள் வந்துவிடும். சிறுமியைத் தூரத்தில் காட்டுவதா, பக்கத்தில் காட்டுவதா? முதலில் பழத்தைக் காட்டுவதா, கையைக் காட்டுவதா? அவளை வேறு யாராவது பார்க்கிறார்களா? பார்த்தால் மேலிருந்து பார்க்கிறார்களா, கீழிருந்தா? வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது?

இந்தக் கேள்விகளுக்கு வீட்டில் உட்கார்ந்து விடை கண்டுபிடித்தால் செலவு ஒரு காகிதம்தான். கேமராவை வாடகைக்கு எடுத்து, நடிகர்களை நிறுத்தி வைத்துக்கொண்டு யோசித்தால் ஒவ்வொரு நிமிஷமும் பணம் கரையும். கையில் பணம் இல்லாதவனுக்கு இந்தச் சித்திரங்கள் பெரிய மூலதனம்.

வாக்கு மாறாத அம்மையார்

நாவலாசிரியர் விபூதிபூஷண் 1950-ல் காலமாகிவிட்டார். அவருடைய மனைவியிடம் போய்ச் சத்யஜித் அனுமதி கேட்டார். சத்யஜித்தின் குடும்பப் பெருமையும் அவர் வரைந்த படங்களும் அந்த அம்மையாருக்குத் தெரியும். சம்மதித்தார். ஒரு படம்கூட எடுத்திராத இளைஞனுக்குக் கதையைக் கொடுப்பதா என்று பலர் அவரைக் கேட்டார்கள். அவர் வாக்கு மாறவில்லை.

முதலாளிகளோ ஒருவரும் முன்வரவில்லை. கொஞ்சமாவது எடுத்துக் காட்டினால் நம்புவார்கள் என்று சத்யஜித் நினைத்தார். ஆயுள் இன்ஷூரன்ஸ் பாலிசியை வைத்துக் கடன் வாங்கினார். கேமராவை வாடகைக்குப் பிடித்தார்.

கேமராவை இயக்க வந்த சுப்ரதா மித்ராவுக்கு வயது 21-தான். அதற்குமுன் சினிமாக் கேமராவை இயக்கியவர் அல்ல. ரெனுவார் படம் எடுத்தபோது அருகில் நின்று பார்த்துக் குறிப்பு எடுத்தவர். டைரக்டருக்கும் அதுவே முதல் படம்.

மாடு மேய்ந்த நாணல்

1952 அக்டோபர் 27-ந் தேதி முதல் படப்பிடிப்பு. பர்த்வான் போகும் ரயில் பாதையில் பால்சிட் என்ற ஊர் அருகே வெள்ளை வெளேரென்று நாணல் பூத்திருந்தது. அந்தப் பூக்காட்டில் அப்பு தன் அக்காள் துர்காவைத் தேடி வரும் காட்சி.

அப்புவாக நடிக்கச் சிறுவன் கிடைத்ததே ஒரு கதை. பத்திரிகையில் விளம்பரம் செய்தார்கள். எத்தனையோ பிள்ளைகள் வந்தார்கள். ஒருவர் தம் பெண்குழந்தைக்குத் தலைமயிரைக் கத்தரித்துப் பையன் போல் அழைத்து வந்துவிட்டார். கழுத்தில் பூசியிருந்த பவுடர் காட்டிக் கொடுத்தது. கடைசியில் பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்த ஒரு பையனை விஜயா தேவி கண்டுபிடித்தார். அவன்தான் சுபீர் பானர்ஜி.

கேமரா முன் அந்தப் பையன் பொம்மைபோல் நேராக நடந்தான். தேடுகிறவன் இப்படியா நடப்பான்? அங்கும் இங்கும் பார்க்க வேண்டாமா? சித்திரத்தில் எழுதாத சங்கடம் இது.

சத்யஜித் ஓர் உபாயம் செய்தார். நாணலுக்குள் மூன்று உதவியாளர்களை வெவ்வேறு இடங்களில் ஒளித்து வைத்தார். ஒருவர் பின் ஒருவராகப் பையனைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் செய்தார். குரல் வந்த பக்கமெல்லாம் பையன் திரும்பினான். நடக்கும் வழியில் சுள்ளிகளைப் போட்டு வைத்தார். அவற்றைத் தாண்டித் தாண்டி நடந்தான். தேடும் நடை வந்துவிட்டது!

பாதிக் காட்சி முடிந்தது. மீதியை அடுத்த வாரம் எடுக்கலாம் என்று திரும்பினார்கள். மறுவாரம் போய்ப் பார்த்தால் இடம் தெரியவில்லை. பூக்களையெல்லாம் மாடுகள் மேய்ந்து தீர்த்துவிட்டன. நாணல் மறுபடி பூக்க ஓராண்டு காத்திருக்க நேர்ந்தது.

ஓர் ஆண்டு கழித்து மீதியை எடுத்தார்கள். படம் பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒரே நாளில் எடுத்ததாகவே தோன்றும். எது எங்கே ஒட்ட வேண்டும் என்பது டைரக்டரின் மனத்தில் முன்பே பதிந்திருந்ததுதான் காரணம்.

நகைகள் அடகுக்குப் போயின

மற்றக் காட்சிகளைக் கல்கத்தாவுக்கு அருகில் போரால் என்ற கிராமத்தில் எடுத்தார்கள். சத்யஜித் உத்தியோகத்தை விடவில்லை. வாரநாளில் ஆபீஸ், ஞாயிற்றுக்கிழமையிலும் விடுமுறையிலும் படப்பிடிப்பு.

பணம் தீர்ந்தது. ஆசையாகச் சேர்த்த இசைத்தட்டுகளையும் சித்திரப் புத்தகங்களையும் விற்றார். அதுவும் போதவில்லை. விஜயா தேவியின் நகைகள் அடகுக்குப் போயின. நகையைக் கொடுத்த அந்த அம்மையார் முகம் கோணவில்லை. பிறகு அதுவும் தீர்ந்து படப்பிடிப்பு மாதக்கணக்கில் நின்றுபோயிற்று.

வீட்டில் தாயார், மனைவி. பிறகு குழந்தையும் பிறந்தது. வெளியில் கடன். பாதியில் நிற்கும் படம். சிநேகிதர்கள் அனுதாபப்பட்டார்கள், மற்றவர்கள் பரிகசித்தார்கள்.

இதைவிடப் பெரிய கவலை வேறு மூன்று இருந்தன. நாள் ஆக ஆக அப்புவின் குரல் உடைந்துவிட்டால் என்ன செய்வது? துர்கா வளர்ந்து பெரியவளாகிவிட்டால் என்ன செய்வது? கிழவியாக நடித்த சுனிபாலா தேவிக்கு வயது சுமார் 80. பழைய நாடக நடிகை. அவருக்கு ஏதாவது நேர்ந்துவிட்டால் படமே போயிற்று.

தெய்வாதீனமாக மூன்றும் நடக்கவில்லை. ஆனால் வேறு சில நடந்தன. மிட்டாய்க்காரராக நடித்தவர் இடையில் இறந்துபோனார். அவரைப்போல் பருமனான வேறொருவரைத் தேடிப் பிடித்தார்கள். ஒரு ஷாட்டில் முதல் மனிதர் மூங்கில் தோப்பிலிருந்து வெளியே வருவார். அடுத்த ஷாட்டில் இரண்டாம் மனிதர் முதுகைக் காட்டிக்கொண்டு வாசலுக்குள் நுழைவார். ஆள் மாறியதை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

சர்க்கார் கைகொடுத்தது

கடைசியில் தாயார்தான் வழி கண்டுபிடித்தார். தமக்குத் தெரிந்த ஓர் அம்மையார் மூலம் மேற்கு வங்காள முதன் மந்திரி டாக்டர் பி.சி. ராய்க்கு விஷயத்தை எட்ட வைத்தார். தையல் வேலை செய்து மகனைப் படிக்க வைத்த அதே தாயார்!

முதன் மந்திரி எடுத்தவரை படத்தைப் பார்த்தார். சர்க்கார் பணம் கொடுக்க உத்தரவிட்டார். சினிமாவுக்குப் பணம் கொடுக்கச் சர்க்காரில் தனிக் கணக்கு இல்லை. படத்தின் பெயரில் பாதை இருக்கிறதல்லவா? சாலை அபிவிருத்திக் கணக்கில் அந்தத் தொகை எழுதப்பட்டது!

ஒரு சங்கடமும் முளைத்தது. கிராம அபிவிருத்தியைப் பிரசாரம் செய்யும் படம் என்று சில அதிகாரிகள் நினைத்துவிட்டார்கள். முடிவைச் சந்தோஷமாக மாற்றலாகாதா என்று யோசனை சொன்னார்கள். சத்யஜித் மாற்றவில்லை. கதையில் துர்கா மழையில் நனைந்து ஜுரம் கண்டு இறந்துபோகிறாள். குடும்பம் ஊரை விட்டுக் காசிக்குப் போகிறது. படத்திலும் அப்படியே முடிந்தது.

இசை அமைத்தவர் சிதார் மேதை ரவிசங்கர். அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. ஒரே இரவில் உட்கார்ந்து இசையை முடித்துக் கொடுத்தார். ஊரிலிருந்து திரும்பும் ஹரிஹர், மகள் இறந்தது தெரியாமல் அவளுக்கு வாங்கிய சேலையை எடுத்து நீட்டுகிறார். சர்வஜயா கதறுகிறாள். அந்த இடத்தில் அழுகுரல் கேட்காது. வாத்தியத்தின் ஓலம் மட்டும் கேட்கும். பார்க்கிறவர் நெஞ்சு உருகிவிடும்.

படத்தின் தொடக்கம்

ஒரு படத்தின் முதல் சில நிமிஷங்களிலேயே பார்க்கிறவர் கதைக்குள் வந்துவிட வேண்டும். அதற்குப் "பதேர் பாஞ்சாலி"யின் தொடக்கம் நல்ல பாடம்.

பணக்கார வீட்டு அம்மாள் மாடியில் துளசிக்கு நீர் வார்க்கிறாள். கீழே தோட்டத்தில் ஒரு சிறுமி. பழம் பொறுக்க வந்தவள். மேலிருந்து அம்மாள் கண்டுவிடுகிறாள். வசைமாரி தொடங்குகிறது. சிறுமி கொய்யாப்பழத்துடன் ஓடிவிடுகிறாள்.

வீட்டுக்கு வந்த சிறுமி பழத்தைக் கிழவியின் பாத்திரத்தில் போடுகிறாள். சட்டியில் இருக்கும் பூனைக்குட்டிகளைப் பார்க்கிறாள். அங்கே கிணற்றடியில் தாய் சர்வஜயா தண்ணீர் இறைக்கிறாள். பக்கத்து வீட்டு அம்மாளின் வசை அவள் காதில் விழுகிறது. பதில் பேச முடியாமல் குன்றிப் போகிறாள்.

அந்தத் தோட்டம் ஒரு காலத்தில் இவர்களுடையதுதான். கடனுக்காகப் போய்விட்டது. இந்த வீட்டு ஏழ்மை, தாயின் மானம், சிறுமியின் குறும்பு, கிழவியிடம் அவளுக்குள்ள பாசம் எல்லாம் ஒரு கொய்யாப்பழத்தைச் சுற்றிச் சொல்லப்பட்டுவிட்டது. ஒருவரும் நின்று குடும்ப வரலாறு பேசவில்லை.

உலகம் கண்டது

1955 மே மாதம் நியூயார்க் நவீனக் கலைக் காட்சிசாலையில் முதல் முதலாகப் படம் காட்டப்பட்டது. 1955 ஆகஸ்ட் 26-ந் தேதி கல்கத்தாவில் வெளியாயிற்று. முதலில் கூட்டம் குறைவு. பார்த்தவர்கள் மற்றவர்களிடம் சொன்னார்கள். சில நாளில் கொட்டகை நிரம்பி வழிந்தது.

ஜனாதிபதியின் தங்கப் பதக்கம் கிடைத்தது. 1956-ல் பிரான்சில் கான் படவிழாவில் சிறந்த மனித வாழ்க்கைச் சித்திரம் என்று பரிசளித்தார்கள். கிழவி சுனிபாலா தேவி மட்டும் இந்தப் புகழைக் காணக் கொடுத்து வைக்கவில்லை. படம் வெளிவருமுன் கண்ணை மூடிவிட்டார்.

சத்யஜித் உத்தியோகத்தை விட்டு முழுநேரமும் படம் எடுக்கத் தொடங்கினார். அப்புவின் கதை "அபராஜிதோ", "அபுர் சன்சார்" என்று மேலும் இரண்டு படங்களாக வளர்ந்தது. "அபராஜிதோ" 1957-ல் இத்தாலியில் வெனிஸ் விழாவின் தங்கச் சிங்கப் பரிசைப் பெற்றது.

சாருலதாவின் ஜன்னல்

1964-ல் "சாருலதா" வந்தது. தாகூரின் கதை. அதன் தொடக்கத்தைச் சினிமா மாணவர்கள் இன்றும் பாடமாகப் பார்க்கிறார்கள்.

பெரிய வீட்டில் ஓர் இளம் மனைவி. கைக்குட்டையில் பூவேலை செய்கிறாள். புத்தகம் எடுக்கிறாள், வைத்துவிடுகிறாள். பொழுது போகவில்லை. ஒரு சிறு தூரதிருஷ்டிக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக ஓடுகிறாள். தெருவில் குரங்காட்டி போகிறான், பல்லக்குப் போகிறது, குடை பிடித்த தடித்த மனிதர் போகிறார். எல்லாவற்றையும் கண்ணாடி வழியாகப் பார்த்து மகிழ்கிறாள்.

அப்போது கணவன் புத்தகமும் கையுமாக அவளைக் கடந்து போகிறான். அவளைக் கவனிக்கவே இல்லை. அவள் அதே கண்ணாடியைக் கண்ணில் வைத்து அவனைப் பார்க்கிறாள். பக்கத்தில் இருப்பவன், ஆனால் தூரத்தில் இருப்பவன். சுமார் ஏழு நிமிஷம் பேச்சே அனேகமாக இல்லை. அவளுடைய தனிமை முழுவதும் விளங்கிவிடுகிறது.

சிவப்புத் துணிப் புத்தகங்கள்

வங்காளத்துக் கடைக்காரர்கள் வரவு செலவு எழுதச் சிவப்புத் துணி போர்த்திய கணக்குப் புத்தகம் வைத்திருப்பார்கள். சத்யஜித் ரே தம் படங்களுக்கு அந்தப் புத்தகங்களையே வாங்கினார்.

காட்சி எப்படி வர வேண்டும் என்ற சித்திரம், பாத்திரங்களின் உடை, வீட்டின் அமைப்பு, வசனம், இசைக் குறிப்பு எல்லாம் அவற்றில் இருக்கும். படத்தின் சுவரொட்டியையும் அவரே வரைவார். 1961-ல் வந்த "தீன் கன்யா" முதல் தம் படங்களுக்கு இசையும் அவரே அமைத்தார். பிறகு கேமராவையும் தாமே இயக்கினார்.

1961-ல் தாத்தாவின் "சந்தேஷ்" பத்திரிகையை மீண்டும் தொடங்கினார். அதில் குழந்தைகளுக்காகக் கதைகள் எழுதினார். பெலுதா என்ற துப்பறிவாளரின் கதைகளை வங்காளப் பிள்ளைகள் போட்டி போட்டுப் படித்தார்கள். தாத்தா எழுதிய கதையையே "கூப்பி காயின் பாகா பாயின்" என்ற படமாக எடுத்து எல்லோரையும் சிரிக்க வைத்தார்.

தமிழ்நாட்டுடனும் அவருக்கு ஒரு தொடர்பு உண்டு. பரத நாட்டிய மேதை பாலசரஸ்வதியின் ஆட்டத்தைச் சிறுவயதிலேயே கல்கத்தாவில் பார்த்து வியந்தவர் அவர். 1976-ல் அந்த மேதையைப் பற்றி "பாலா" என்ற குறும்படம் எடுத்தார்.

கடைசி நாட்கள்

1983-ல் இருதய நோய் கண்டது. அதன்பின் மகன் சந்தீப் உதவியுடன் படம் எடுத்தார். 1992-ல் அமெரிக்காவின் ஆஸ்கார் சிறப்புப் பரிசு அவரைத் தேடி வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே அதை வாங்கினார். அதே ஆண்டில் பாரத ரத்னா விருதும் கிடைத்தது. 1992 ஏப்ரல் 23-ந் தேதி தமது 70-வது வயதில் காலமானார்.

1995-ல் கல்கத்தாவில் மத்திய சர்க்கார் தொடங்கிய திரைப்படக் கல்லூரிக்கு அவருடைய பெயரை வைத்தார்கள். பள்ளிக்கூடம் இல்லாமல் சினிமாவைக் கற்றவரின் பெயரால் ஒரு பள்ளிக்கூடம்!

பட முதலாளிகள் திருப்பிக் கொடுத்த அந்தச் சித்திரப் புத்தகத்தைச் சத்யஜித் ரே பாரீஸ் நகரத்துப் பட ஆவணக் காப்பகத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்திருந்தார். 2016-ல் அது அச்சுப் புத்தகமாகவும் வெளிவந்தது. முதல் படம் எடுக்கப் போகும் மாணவர்கள் அதைப் புரட்டிப் பார்க்கிறார்கள். கையில் காசு இல்லாதபோதும் ஒரு காகிதமும் கொஞ்சம் மையும் இருந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம் என்பதற்கு அந்தப் புத்தகமே சாட்சி.